மாணவர் நலப் பணியாளருக்கு இணையவழிப் பயிற்சி: அமெரிக்கக் கல்லூரிகளின் அனுபவம்

அமெரிக்கக் கல்லூரிகளில் வகுப்பறைக்கு வெளியே மாணவரைச் சார்ந்து நடக்கும் ஏறத்தாழ எல்லாவற்றையும் கவனிக்க மாணவர் நலத்துறை என்று தனி நிர்வாகமே உண்டு. விடுதி, மனநல ஆலோசனை, ஒழுங்கு விசாரணை, மாணவர் சங்கங்கள், புதுமுக மாணவர் வரவேற்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடுகள், வெளிநாட்டு மாணவர் அலுவலகம் எனப் பல பிரிவுகள் அதன்கீழ் வரும். இந்தியக் கல்லூரிகளில் இவற்றில் பெரும்பகுதியைப் பேராசிரியர்களே கூடுதல் பொறுப்பாகச் சுமக்கிறார்கள். அங்கே இது முழுநேரத் தொழில். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் வேலையில் சேர்ந்த பிறகு தங்கள் திறனை வளர்த்துக்கொள்ளும் வழிகளில், கடந்த இருபது ஆண்டுகளில் வேகமாகப் பெருகியது இணையவழிப் பயிற்சி.

இத்தொழிலுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிவரை மாணவர் ஒழுக்கத்தைக் கல்லூரித் தலைவரும் பேராசிரியர்களுமே பார்த்துக்கொண்டார்கள். 1890களின் தொடக்கத்தில் ஹார்வர்டு அந்தப் பொறுப்பை லெபாரன் ரஸ்ஸல் பிரிக்ஸ் என்ற டீனிடம் ஒப்படைத்தது. 1892இல் சிகாகோ பல்கலைக்கழகம் திறந்தபோது ஆலிஸ் ஃப்ரீமன் பாமர் பெண்களுக்கான டீனாக வந்தார். 1919இல் ஆண் மாணவர்களுக்கான டீன்கள் விஸ்கான்சினில் கூடித் தொடங்கிய அமைப்புதான் இன்றைய நாஸ்பா. 1924இல் ஏ.சி.பி.ஏ. தோன்றியது. இவ்விரண்டும் இன்றும் இத்துறையின் பெரிய தொழில் சங்கங்கள். இரண்டையும் ஒன்றாக்கும் முயற்சி 2011இல் வாக்கெடுப்புவரை போய், தேவையான பெரும்பான்மை நாஸ்பா தரப்பில் கிடைக்காமல் கைவிடப்பட்டது. அதனால்தான் பயிற்சிப் படிப்புகளும் இன்றுவரை இரு கடைகளில் தனித்தனியே கிடைக்கின்றன.

பணியின் தன்மையை அடியோடு மாற்றியவை நீதிமன்றமும் நாடாளுமன்றமும். 1961இல் டிக்சன் எதிர் அலபாமா வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசுக் கல்லூரி ஒரு மாணவரை விளக்கம் கேட்காமல் வெளியேற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பெற்றோர் இடத்தில் இருந்து கண்டிக்கும் உரிமை தனக்கு உண்டு என்ற கல்லூரியின் பழைய நிலைப்பாடு அதோடு ஆட்டம் கண்டது. பிறகு 1972இல் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் ‘டைட்டில் ஒன்பது’, 1974இல் மாணவர் ஆவணங்களின் அந்தரங்கத்தைக் காக்கும் ‘ஃபெர்பா’, 1990இல் வளாகக் குற்றங்களை வெளிப்படையாக அறிவிக்கச் செய்த கிளெரி சட்டம், அதே ஆண்டில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1986இல் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் கொலையுண்ட ஜீன் கிளெரியின் பெற்றோர் நடத்திய போராட்டமே கிளெரி சட்டத்துக்குக் காரணம். ஒவ்வொரு சட்டமும் நலத்துறை ஊழியரின் மேசைக்குப் புதிதாக ஒரு கோப்பைக் கொண்டுவந்தது. நல்ல மனமும் மாணவர்மீது அக்கறையும் இருந்தால் போதும் என்ற காலம் முடிந்தது.

இத்தொழிலுக்குள் நுழையும் வழி ஒன்றல்ல. உயர்கல்வி நிர்வாகம் அல்லது மாணவர் நலத்தில் இரண்டாண்டு முதுகலைப் பட்டம் பெற்று வருவோர் ஒரு சாரார். அவர்கள் படிக்கும்போதே விடுதியிலோ மாணவர் அலுவலகத்திலோ பகுதிநேரமாக வேலை பார்த்து அனுபவம் பெற்றிருப்பார்கள். வரலாறு, உளவியல், வணிகம் என வேறு எதையோ படித்துவிட்டு வேலைக்குள் நேரடியாக வந்தவர்கள் மறு சாரார். இரண்டாண்டுப் படிப்பு தரும் சமூகக் கல்லூரிகளிலும் சிறு கல்லூரிகளிலும் இவர்களைப் பரவலாகக் காணலாம். அங்கே ஒரே ஆள் விடுதிப் பொறுப்பையும் ஒழுங்கு விசாரணையையும் மாணவர் சங்கத்தையும் சேர்த்தே பார்ப்பார். மருத்துவருக்கோ வழக்கறிஞருக்கோ இருப்பதைப் போன்ற உரிமம் இந்தத் தொழிலுக்கு இல்லை. ஆகவே ஒருவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. சங்கங்களே சொல்ல வேண்டியிருந்தது.

1979இல் உருவான உயர்கல்வித் தரநிலைக் குழு ஒவ்வொரு பிரிவும் எப்படி இயங்க வேண்டும் என்று தரநிலைகளை வகுத்தது. தனிநபரின் திறனைப் பற்றிய ஆவணத்தை ஏ.சி.பி.ஏ.யும் நாஸ்பாவும் சேர்ந்து 2010இல் வெளியிட்டு, 2015இல் திருத்தின. அறநெறி, துறையின் வரலாறும் விழுமியங்களும், மதிப்பீடும் ஆய்வும், சட்டமும் ஆளுகையும், தலைமை, சமூக நீதி, மாணவர் வளர்ச்சி, ஆலோசனையும் ஆதரவும் போன்ற பத்துத் திறன்பகுதிகளை அது வரையறுக்கிறது. ஒவ்வொன்றிலும் தொடக்கம், இடைநிலை, உயர்நிலை என மூன்று படிகள் உண்டு. 2010 ஆவணத்தில் மற்றத் திறன்களுக்குள் ஊடுபாவாக மட்டும் இருந்த தொழில்நுட்பம் 2015இல் தனித் திறன்பகுதியாக ஏற்றப்பட்டது. இன்று விற்கப்படும் இணையப் படிப்புகளில் பல தாம் எந்தத் திறன்பகுதிக்கு உரியவை என்பதை அறிமுகப் பக்கத்திலேயே குறிப்பிடுகின்றன. இந்தப் பொதுப் பட்டியல் மட்டும் இல்லையென்றால், சிதறிக் கிடக்கும் பயிற்சிகளை ஒன்றோடொன்று ஒப்பிடவே வழியிருந்திருக்காது.

இணையத்துக்கு முன்பு கற்றுக்கொள்வது என்றால் மாநாடுதான். ஆண்டுக்கொரு முறை ஒரு பெருநகர ஓட்டலில் ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். விமானக் கட்டணம், தங்கும் செலவு, பதிவுக் கட்டணம் எல்லாவற்றையும் கல்லூரி கொடுத்தால்தான் போக முடியும். யாரை அனுப்புவது என்ற கேள்வி வரும்போது இயக்குநர்தான் முதலில் நிற்பார். இரவு இரண்டு மணிக்கு விடுதியில் கதவு தட்டும் ஓசைக்கு எழுந்து போகிற இளைய ஊழியரின் முறை வருவதற்குள் அந்த ஆண்டின் பயணநிதி தீர்ந்திருக்கும். இந்த ஏற்றத்தாழ்வைக் குறைத்தது இணையப் பயிற்சியின் பெரும் பங்களிப்பு. மொன்டானாவின் கிராமப்புறக் கல்லூரியில் இருப்பவரும் பாஸ்டனின் பெரிய பல்கலைக்கழகத்தில் இருப்பவரும் ஒரே வகுப்பில் உட்கார முடிகிறது.

2020 மார்ச்சில் இந்த மாற்றம் கட்டாயமாயிற்று. ஏ.சி.பி.ஏ.யின் அந்த ஆண்டு மாநாடு நாஷ்வில் நகரில், சூறாவளி தாக்கிய அதே வாரத்தில் நடந்து முடிந்தது. மாத இறுதியில் ஆஸ்டினில் நடக்கவிருந்த நாஸ்பா மாநாடு கோவிட்டால் ரத்தாகி, அதன் உரைகள் இணையத்துக்கு நகர்ந்தன. விடுதிகளைக் காலி செய்வது, தனிமைப்படுத்தும் அறைகளை ஒதுக்குவது, ஆலோசனையைத் திரைவழி நடத்துவது என ஒரு பாடநூலிலும் இல்லாத வேலைகளை ஊழியர்கள் சில நாட்களில் கற்க வேண்டியிருந்தது. அப்போது அவர்களுக்குக் கைகொடுத்தவை அவசரமாக நடத்தப்பட்ட வெபினார்களும், ஒரு கல்லூரி இன்னொன்றோடு பகிர்ந்துகொண்ட நடைமுறைக் குறிப்புகளும்தான்.

இணையப் பயிற்சி என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல வகைகள் உண்டு. மிக எளியது வெபினார்: ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம், ஒருவர் பேசுவார், கடைசியில் சில கேள்விகள். அடுத்தது சில வாரங்கள் நீளும் குழு வகுப்பு. இதில் வாசிப்பு, விவாதப் பலகை, ஒப்படைப்பு, பயிற்றுநரின் மறுமொழி எல்லாம் உண்டு. கல்வி ஆலோசகர்களின் சங்கமான நகாடா, விடுதி நிர்வாகிகளின் சங்கமான அகூஹோ-ஐ போன்றவை தத்தம் பிரிவுக்கு இத்தகைய படிப்புகளை நடத்துகின்றன. மூன்றாவது வகை இலவசத் திறந்தநிலைப் படிப்பு. மாணவர் நலத்துறையில் மதிப்பீடு செய்வோரின் அமைப்பான சால், தன்னார்வப் பயிற்றுநர்களைக் கொண்டு நடத்தும் படிப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கற்றல் குறிக்கோளை எழுதுவது முதல் தரவைச் சேகரித்து அறிக்கையாக்குவதுவரை அதில் சொல்லித்தருகிறார்கள். முதுகலையில் மதிப்பீட்டை மேலோட்டமாகத் தொட்டுவிட்டு வந்தவர்களுக்கு இது பெரிய உதவி. நான்காவது வகைதான் எண்ணிக்கையில் அதிகம்: கல்லூரி நிர்வாகம் தனியார் நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கி, எல்லா ஊழியரும் குறிப்பிட்ட தேதிக்குள் முடித்தாக வேண்டும் என்று அனுப்பும் சட்ட இணக்கப் பயிற்சி.

இந்த நான்காவது வகையை நீண்ட நேரம் உற்றுப்பார்க்க வேண்டியிருக்கிறது. 2013இல் மறு அங்கீகாரம் பெற்ற பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டம், பாலியல் வன்முறை வழக்குகளை விசாரிக்கும் அலுவலர்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சி தரச் சொன்னது. 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த டைட்டில் ஒன்பது விதிகள் நேரடி விசாரணையையும் குறுக்கு விசாரணையையும் கட்டாயமாக்கியதோடு, விசாரணை அலுவலரும் தீர்ப்பளிப்பவரும் பயன்படுத்திய பயிற்சிப் பாடங்களைக் கல்லூரியின் இணையதளத்தில் வெளியிடச் சொல்லின. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவற்றைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கலாம் என்பதால், பயிற்சியே ஒரு சட்ட ஆவணமாயிற்று. இவ்வளவு கனமான பொருளைப் பல இடங்களில் எப்படிக் கற்பிக்கிறார்கள்? திரையில் ஒரு பத்தி, கீழே ‘அடுத்து’ பொத்தான். குரல்பதிவு முடியும்வரை பொத்தான் இயங்காது. ஊழியர் ஒலியை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார். கடைசியில் பத்துக் கேள்விகள். தவறினால் மீண்டும் எழுதலாம், விடைகள் அப்படியே இருக்கும். சான்றிதழ் மின்னஞ்சலில் வந்து மனிதவளத் துறையின் கோப்பில் சேரும். கல்லூரிக்கு வேண்டியது அந்தச் சான்றிதழ். விசாரணைக்கு வந்து நிற்கும் மாணவிக்கு வேண்டியது அவள் எதிரே உட்கார்ந்திருப்பவரின் பயிற்சி. இரண்டும் ஒன்றல்ல என்பதை வாங்குகிற நிர்வாகிகள் உணர்ந்தால், இந்தச் சந்தையின் தரம் தானே உயரும்.

சட்ட அறிவு தேவையே இல்லை என்று இதற்குப் பொருளாகாது. சட்டம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2007 ஏப்ரல் 16 சாட்சி. வர்ஜீனியா டெக் வளாகத்தில் ஒரு மாணவர் 32 பேரைச் சுட்டுக் கொன்றார். அவரைப் பற்றிய கவலை ஏற்கெனவே பலரிடம் இருந்தது. ஆங்கிலத் துறை ஆசிரியர்கள் அவருடைய எழுத்தையும் நடத்தையையும் கண்டு அஞ்சியிருந்தார்கள், மாணவிகள் வளாகக் காவலரிடம் புகார் செய்திருந்தார்கள், விடுதி ஊழியருக்கும் சில செய்திகள் தெரிந்திருந்தன. ஆனால் இவை ஓரிடத்தில் சேரவில்லை. மாநில ஆளுநர் அமைத்த ஆய்வுக்குழு, அந்தரங்கச் சட்டங்களைப் பற்றிய தவறான புரிதலை ஒரு காரணமாகச் சுட்டியது. ஃபெர்பா ஆவணங்களைத்தான் காக்கிறது. ஓர் ஆசிரியர் தன் கண்ணால் கண்ட நடத்தையை டீனிடம் சொல்வதை அது தடுப்பதில்லை. உயிருக்கு ஆபத்து என்னும்போது ஆவணத்தையே பகிரவும் அதில் இடமுண்டு. 2008இல் அமெரிக்கக் கல்வித்துறை ஃபெர்பா விதிகளைத் திருத்தி இதைத் தெளிவாக்கியது. இந்த ஒரு நுணுக்கத்தை நாடெங்கும் உள்ள ஊழியர்களுக்குச் சீராகக் கொண்டுசேர்க்க இணையப் பயிற்சியைவிடச் சிறந்த கருவி இல்லை. அந்தப் படுகொலைக்குப் பின் பல வளாகங்களில் அமைந்த இடர் மதிப்பீட்டுக் குழுக்களும், வெவ்வேறு அலுவலகங்களின் துண்டுச் செய்திகளைக் கோத்துப் பார்க்கும் பயிற்சியைக் கற்பனை வழக்குகளைக் கொண்டு செய்து பழகுகின்றன. விதியை வாசிப்பதோடு நிற்காமல், ‘இந்த மூன்று செய்திகள் உங்களிடம் வந்தால் இன்று மாலைக்குள் யாரை அழைப்பீர்கள்’ என்று கேட்கும் படிப்பே இங்கே பயன் தருகிறது.

திரைக்குள் அடங்காத பகுதி ஒன்றும் இத்தொழிலில் இருக்கிறது. விடுதிகளில் மாணவ உதவியாளர்களுக்கு ஆகஸ்டு மாதத்தில் நடக்கும் ‘மூடிய கதவுகளுக்குப் பின்னால்’ என்ற பயிற்சி அமெரிக்க வளாகங்களில் பெயர்பெற்றது. மாணவர் வருவதற்கு முன், காலியாக இருக்கும் விடுதி அறைகளுக்குள் மூத்த உதவியாளர்கள் நடிக்கத் தயாராக இருப்பார்கள். புதியவர் கதவைத் தட்டி உள்ளே போவார். ஓர் அறையில் குடித்துவிட்டுக் கூச்சல், ஓர் அறையில் அறைத்தோழர்களின் சண்டை, ஓர் அறையில் கட்டிலின் ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெண். பத்து நிமிடம் கழித்து நடிப்பை நிறுத்தி, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த விடுதி இயக்குநர் பேசத் தொடங்குவார்: எங்கே நின்றாய், எந்தக் கேள்வியை முதலில் கேட்டாய், அவள் பதில் சொல்லாதபோது ஏன் அவசரப்பட்டாய். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கும் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது அங்கேதான். குரல் நடுங்குவதும், பிறகு நிலைப்படுவதும் அந்த அறையில்தான் நிகழும்.

இணையம் இதை நெருங்க முயன்றிருக்கிறது. காக்னிட்டோ போன்ற நிறுவனங்களின் உருவகப் பயிற்சியில் திரையில் ஒரு மாணவர் தோன்றுவார். ஊழியர் சொல்ல வேண்டியதைத் தேர்ந்தெடுக்க, அதற்கேற்ப அவர் மனம் திறப்பார் அல்லது மூடிக்கொள்வார். தற்கொலைத் தடுப்புக்கான கியூ.பி.ஆர். பயிற்சி இணையத்தில் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனரும் ஆன்டனி ஜோர்மும் உருவாக்கி, 2008இல் அமெரிக்கா வந்த மனநல முதலுதவி வகுப்பு, பெருந்தொற்றுக்குப் பின் இணையத்தையும் நேரடிப் பயிற்சியையும் கலந்து நடக்கிறது. அடையாளங்களை அறியவும், என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளவும் இவை நன்றாக உதவுகின்றன. பொத்தானைத் தேர்ந்தெடுப்பதும் வாயால் கேட்பதும் வேறு என்பதால், இவற்றை முன்பாடமாக வைத்து, நேரடி ஒத்திகையைப் பின்னால் சேர்ப்பதே சரியான வரிசை.

ஆராய்ச்சிகளும் இதையொட்டியே பேசுகின்றன. அமெரிக்கக் கல்வித்துறை 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், இணையமும் நேரடி வகுப்பும் கலந்த முறை நேரடி வகுப்பு மட்டும் நடத்துவதைவிடச் சராசரியாக நல்ல பலன் தந்தது. ஆனால் அந்த மாணவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன என்பதையும் அதே ஆய்வு குறிப்பிட்டது. முடிப்போர் விகிதம் இன்னொரு சிக்கல். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் என்ற இணையத் தளம் வழியே நடத்திய படிப்புகளை ஆராய்ந்து 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த கட்டுரைப்படி, 2017-18இல் சேர்ந்தவர்களில் 3.13 விழுக்காட்டினரே படிப்பை முடித்தார்கள். கட்டணம் கட்டிச் சான்றிதழ் நோக்கோடு சேர்ந்தவர்களில் அது 46 விழுக்காடு. இலவசமாகக் கிடைப்பது மட்டும் போதாது என்பது இதிலிருந்து தெரிகிறது. பயிற்சியை மதிப்பிட 1959இல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் நான்கு படிகளைச் சொன்னார்: கற்றவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பயன் விளைந்ததா. மாணவர் நலத்துறையின் இணையப் படிப்புகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடுகின்றன. மூன்றாவதை அளக்க, ஊழியரின் மேலதிகாரி ஆறு மாதம் கழித்து அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கு மென்பொருள் தேவையில்லை, நேரம் தேவை.

நேரம்தான் எங்கும் முட்டுக்கட்டை. வெபினார் பிற்பகல் ஒரு மணிக்கு என்றால் ஊழியர் மதிய உணவைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறார். நடுவில் மாணவர் வந்தால் எழுந்து போகிறார். மாநாட்டுக்குப் போனவரை யாரும் கூப்பிடமாட்டார்கள், ஆனால் தன் மேசையிலேயே கற்பவர் எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருப்பவராகவே கருதப்படுகிறார். பயணச் செலவு மிச்சமானதைக் கணக்கில் சேர்க்கும் கல்லூரிகள், கற்பதற்கான நேரத்தை வேலை நேரமாக ஒதுக்குவதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. குறைந்த ஊதியமும் நீண்ட வேலை நேரமும் காரணமாகத் தொடக்க ஆண்டுகளிலேயே பலர் வெளியேறும் தொழில் இது. இரவிலும் வார இறுதியிலும் சொந்த நேரத்தில் படித்துக்கொள் என்று சொல்வது அந்தப் பாரத்தைக் கூட்டும்.

வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இந்தப் பயிற்சியின் விளைவு தமிழ்க் குடும்பங்கள்வரை நேரடியாக எட்டுகிறது. வெளிநாட்டு மாணவர்களைக் கணக்கெடுக்கும் ‘ஓப்பன் டோர்ஸ்’ அறிக்கைப்படி 2023-24இல் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். வேறு எந்த நாட்டு மாணவரையும்விட அதிகம். மாணவர் விசாவுக்குத் தேவையான இவர்களின் ஐ-20 படிவம், முகவரி மாற்றம், ஓ.பி.டி. என்னும் தற்காலிக வேலைப் பயிற்சிக்கான பரிந்துரை எல்லாம் டி.எஸ்.ஓ. எனப்படும் அலுவலர் கையில் இருக்கிறது. 2003 முதல் கட்டாயமான செவிஸ் கணினித் தளத்தில் அவர் செய்யும் பதிவே மாணவரின் சட்டபூர்வ இருப்பைத் தீர்மானிக்கிறது. படிப்பு முடித்த மாணவர், அலுவலர் பரிந்துரையைப் பதிவேற்றிய 30 நாட்களுக்குள் ஓ.பி.டி. விண்ணப்பத்தைச் சேர்ப்பிக்க வேண்டும் என்பதை அந்த அலுவலர் சொல்ல மறந்தால், கோயம்புத்தூரிலோ திருநெல்வேலியிலோ கடன் வாங்கி அனுப்பிய பெற்றோரின் கணக்கெல்லாம் குலையும். குடிவரவுத் துறை டி.எஸ்.ஓ.க்களுக்கு இலவச இணையப் பயிற்சி தருகிறது. 1948இல் தொடங்கிய, சர்வதேசக் கல்வியாளர்களின் நாஃப்சா அமைப்பு விரிவான படிப்புகளை நடத்துகிறது. விதி, தேதி, படிவம் என்று துல்லியம் தேவைப்படும் இந்த வேலைக்கு இணையப் படிப்பு மிகப் பொருத்தம். தேவைப்படும்போது திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதே அதன் பலம்.

ஆனால் பதிவு செய்த பாடம் பழசாகிவிடும் ஆபத்தும் இணையப் படிப்பில் பெரிது. 2024 ஆகஸ்டில் பாதி மாநிலங்களில் நடைமுறைக்கு வந்த புதிய டைட்டில் ஒன்பது விதிகளை 2025 ஜனவரி 9 அன்று கென்டக்கி கூட்டாட்சி நீதிமன்றம் முழுவதுமாக ரத்து செய்தது; கல்லூரிகள் 2020 விதிகளுக்குத் திரும்பின. இடைப்பட்ட ஐந்து மாதங்களில் புதிய விதிகளுக்காகப் பதிவு செய்யப்பட்ட பாடங்கள் ஒரே நாளில் தவறான பாடங்களாயின. மாநில அரசியலும் குறுக்கிடுகிறது. டெக்சாஸில் 2024 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம், அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்மைத்துவ அலுவலகங்களையும் அது சார்ந்த கட்டாயப் பயிற்சியையும் தடுக்கிறது. சங்கங்களின் திறன் பட்டியலிலோ சமூக நீதி ஒரு திறன்பகுதி. ஒரே இணைய வகுப்பில் டெக்சாஸ் ஊழியரும் கலிஃபோர்னிய ஊழியரும் அமரும்போது, பயிற்றுநர் இருவருக்கும் பொருந்தும்படி பேசுவது எளிதல்ல. பதிவு செய்த தேதியையும் எந்த மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதையும் ஒவ்வொரு பாடத்தின் முகப்பிலும் போடுவது குறைந்தபட்ச நேர்மை.

அணுகல் வசதியிலும் இதே கண்டிப்பு வேண்டும். இணையப் பாடக் காணொளிகளில் சரியான எழுத்துரை இல்லை என்று 2015இல் அமெரிக்கக் காதுகேளாதோர் தேசியச் சங்கம் ஹார்வர்டு மீதும் எம்.ஐ.டி. மீதும் வழக்குத் தொடுத்தது. இரு பல்கலைக்கழகங்களும் பின்னர் உடன்பாட்டுக்கு வந்தன. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஏற்பாடுகளைச் செய்யும் துறையே, தன் ஊழியரில் ஒருவர் கேட்க முடியாத பயிற்சியை வாங்குவது ஏற்கத்தக்கதல்ல.

கற்றதற்குச் சான்று என்ன என்ற கேள்விக்குத் துறை அண்மையில் ஒரு விடை கண்டிருக்கிறது. நாஸ்பாவின் முன்னெடுப்பில் பல சங்கங்கள் சேர்ந்து உருவாக்கிய சி.எஸ்.ஏ.எட். என்ற தொழில்முறைச் சான்றிதழ் 2022இல் நடைமுறைக்கு வந்தது. பணி அனுபவமும் தேர்வும் இதற்கு அடிப்படை. சான்றிதழைத் தக்கவைக்கத் தொடர்கல்வி தேவை. இதனால் இணையப் படிப்புகளுக்கு முன்பு இல்லாத ஒரு கணக்கு வந்திருக்கிறது: எத்தனை மணி நேரம், எந்தத் திறன்பகுதி, யார் அங்கீகரித்தது. முதுகலைப் பட்டம் இல்லாமல் சமூகக் கல்லூரியில் பத்தாண்டு உழைத்த ஒருவருக்குத் தன் தகுதியை நிறுவ இது நல்ல வாய்ப்பு. தேர்வுக் கட்டணத்தையும் தயாரிப்புக்கான நேரத்தையும் அவருடைய கல்லூரி ஏற்றால்தான் அந்த வாய்ப்பு அவரை எட்டும். ஏற்காத இடங்களில், பழைய மாநாட்டுப் பயணத்தைப் போலவே, வசதியுள்ள பல்கலைக்கழகங்களின் ஊழியர்களே முதலில் அதைப் பெறுவார்கள்.